ஒன்றுக்கு ஒன்றரை

எரிந்தது கிராண்டிஸ் தோப்பு என்றார்கள்.
யாரோ காகிதத்துக்காக நட்ட மரம்.
எங்கள் ஊற்றைக் குடித்து வளர்ந்தது,
எரியும்போதும்
எங்களைத்தான் தேடி வந்தது.

மாசிக் காற்று சிலந்தியாற்றுப் பக்கமிருந்து திரும்பியபோது
மத்தியானம் மூன்றரை.
போதுமணி குதிரையை அவிழ்த்துவிட்டாள்.
நான் கேஸ் சிலிண்டரைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன்.
பட்டயம் இருந்த டிரங்குப் பெட்டியை
யார் எடுத்தது என்று
பள்ளத்தில் நின்று
ஒருவர் கையை ஒருவர் பார்த்தோம்.

அப்புறம் அந்த வாசனை.
அடுப்புக்கு மேலே பரணில்
ஆறு மாசம் புகை குடித்துத் தொங்கிய விதைப்பூண்டு,
பதினோரு கட்டு,
ஒரே நேரத்தில் வெந்தது.
மலை முழுக்க யாரோ ரசம் தாளிப்பதுபோல.
'பசிக்குதுப்பா' என்றான் சின்னவன்.
அடிக்க ஓங்கிய கையை
போதுமணி பிடித்துக்கொண்டாள்.
எனக்கும் பசித்தது.

மூன்றாம் நாள் குதிரை தானாகவே வந்தது,
வால்மயிர் கருகி.
கொட்டில் இல்லை. சாம்பலுக்குள் நடந்துபோய்
சரியாகத் தன் இடத்தில் நின்றது.
அதை வைத்துத்தான் அளந்தோம்.
குதிரையிலிருந்து பத்து எட்டு: அடுப்படி.
அங்கிருந்து நாலு: நாங்கள் படுத்த இடம்.
மகள் முளைக்குச்சி அடித்துக்கொண்டே வந்தாள்.
குதிரை அசையும்வரை
வீடு அசையவில்லை.

தேவிகுளத்தில் படிவம் மலையாளத்தில்.
மகள்தான் எழுத்துக்கூட்டிச் சொன்னாள்.
'நஷ்டம்' என்ற சொல்லை மட்டும்
எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.
வீடு, எழுது.
குழாய் முன்னூறு மீட்டர், உருகியது, எழுது.
பீன்ஸுக்கு ஊன்றிய கம்பு, எழுது.
விதைக்குக் கட்டம் இல்லை.
கிளார்க் நல்ல மனுஷன்,
கடைசி வரியைப் பேனாவால் தொட்டுக் காட்டினார்.
எங்கள் விதைப்பூண்டு
'மற்றவை'யில் போய்ச் சேர்ந்தது.

கீழ்நாட்டுப் பூண்டு இந்தக் குளிருக்கு ஆகாது.
மலைப்பூண்டு மிச்சமிருந்தது
கொட்டாக்கொம்பூர் சடையாண்டியிடம்.
வாய்க்கால் தகராறில்
ஒன்பது வருஷமாக எனக்கும் அவருக்கும் பேச்சில்லை.
அன்றைக்கும் பேசவில்லை.
பெண்சாதியைப் பார்த்து,
'ஆறு கட்டு எடுத்துக்கிடச் சொல்லு.
ஒண்ணுக்கு ஒண்ணரை போதும்' என்றார்.
ஊர் வழக்கம் ஒன்றுக்கு இரண்டு.
நானும் அவர் பெண்சாதியைப் பார்த்தே
சரி என்றேன்.
பாரத்தை ஏற்றும்போது குதிரையைத் தடவினார்.
அதோடு மட்டும்
என்னவோ சொன்னார்.

சாம்பல் நல்ல உரம் என்றார் விவசாய ஆபீசர்.
எதன் சாம்பல் என்று
நான் சொல்லவில்லை.
வைகாசியில் பாத்தி கொத்தினோம்.
மண்வெட்டியில் ஒருநாள் எவர்சில்வர் டம்ளர் மாட்டியது,
ஒரு பக்கம் நசுங்கி, பேர் வெட்டியது அப்படியே.
போதுமணி கழுவி வைத்தாள்.
சாயாமல் நிற்காது அது.
இன்னும் அதில்தான் காப்பி குடிக்கிறேன்.

ஆவணியில் புடுங்கினோம்.
சடையாண்டிக்கு ஒன்பது.
வடுகபட்டிக்கு லாரியில் ஏறியது
தகரக் கூரையாகத் திரும்பி வந்தது.
பதினோரு கட்டுத் தொங்கிய பரண்,
இப்போது நாலு.

நாலுக்கும் புகை வேண்டும்.

மாசியிலிருந்து அவள் விறகு தொடவில்லை.
நான் தூக்கி ஓடியதற்கு ஊரே சிரித்த அந்த சிலிண்டரில்தான்
ஆறு மாசமும் சோறு.
கருகி விழுந்த கிராண்டிஸை அவளே உடைத்தாள்,
அவளே அடுக்கினாள்.
நான் தீப்பெட்டிக்குக் கை நீட்டினேன்.
தரவில்லை.
மூன்று குச்சி அவள் கையிலேயே அணைந்தது.
'கதவை நல்லாத் திறந்து வையி' என்றாள்.
நாலாவது பற்றியது.
வெளியே குதிரை கயிற்றை இழுத்தது.

புகை எழும்பிப் பூண்டைத் தொட்டபோது
சின்னவன் ஓடி வந்தான்.
'ரசமாம்மா?'
'இல்லடா. விதை.'

பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர் வைத்திருந்தாள்.
விடியும்வரை
யாரும் அதில் மொண்டு குடிக்கவில்லை.